காய்ச்சல் விட்ட மறுநாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் படூரில் இரண்டு கூட்டங்கள் பெருகுகின்றன. ஒன்று, கிளினிக் வாசலில் டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம். மற்றொன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓ.எம்.ஆர். ஓரமாக ஓடும் கூட்டம். இரண்டிலும் வெவ்வேறு ஆட்கள் இருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் "மூணு நாளா உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்" என்று முனகுகிறவரே, அதிகாலையில் கேளம்பாக்கத்தில் திரும்பிக் கோவளம் வரை ஓடிக் கடலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருகிறார். கேட்டால், "லேசான ஜுரம்தான், மெதுவாத்தான் ஓடினேன்" என்பார். சிறுசேரி சிப்காட்டில் உட்கார்ந்து ஏதோ ஒரு தேசத்து வங்கியின் கணக்கில் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிற மனிதர். அவரை முட்டாள் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தனை கெட்டிக்காரர்கள் சேர்ந்து ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்றால் அதற்கு வலுவான காரணம் ஏதாவது இருந்தாக வேண்டும்.

முதல் காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. இந்தக் கடற்கரையில் 42.195 கிலோமீட்டரை ஓடிவிட்டு மறுநாளும் உயிரோடு இருக்க விரும்புகிறவனுக்கு மார்கழியை விட்டால் மாதம் கிடையாது. அமைப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முழு மாரத்தானுக்கான பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 முதல் 18 வாரம் நீளுகிறவை. ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பரில் போய் நிற்கும். அதாவது 28, 30, 32 கிலோமீட்டர் என்று நீளும் பெரிய ஓட்டங்களெல்லாம் அக்டோபர் கடைசிக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் வந்து விழுகின்றன. அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது, கொசு பெருகுகிறது, டெங்கு ஏறுகிறது. இன்ஃபுளூயன்சாவும் இந்த நாட்டில் ஊருக்கு ஒரு பருவம் வைத்திருக்கிறது: ஸ்ரீநகரில் குளிர்காலம், டெல்லியில் ஜூலையிலிருந்து செப்டம்பர், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். மார்கழியில் ஓட வேண்டுமென்றால் ஐப்பசியில் நனைந்தாக வேண்டும் என்பது விதி. லண்டன்காரருக்கும் ஏப்ரல் பந்தயத்துக்காகக் குளிர்காலச் சளியோடு ஓடுகிற அவஸ்தை உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவர் ஊர்ச் சளியும் நம் ஊர்க் காய்ச்சலும் ஒரே ரகம் இல்லை. இந்தக் கட்டுரையின் வாதமே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், முடிவெடுக்கிற ஆள். இதே காய்ச்சலுக்கு அலுவலகத்தில் சிக் லீவ் போட நம் ஓட்டக்காரர் அரை நிமிடம் யோசிப்பதில்லை. தெர்மாமீட்டர் 100-ஐத் தொடுவதற்கு முன்பே மேலாளருக்குச் செய்தி போய்விடும். சம்பளம் வாங்குகிற வேலைக்கு ஆகாத உடம்பு, பணம் கட்டி ஓடுகிற ஓட்டத்துக்கு மட்டும் எப்படி ஆகிறது? வேலை ஒருநாள் போனால் அது கம்பெனி நஷ்டம். பயிற்சி ஒருநாள் போனால் எக்செல் அட்டவணையில் ஒரு கட்டம் பச்சையாகாமல் வெள்ளையாகவே நிற்கும். அது சொந்த நஷ்டம், சொந்த அவமானம். போதாததற்குக் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் இரண்டு நாள் ஓடாவிட்டால் உங்கள் உடல்தகுதி சரிகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். மேலாளர் சொன்னால் சகித்துக்கொள்ளும் மனம், கடிகாரம் சொன்னால் தாங்குவதில்லை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நம் ஆள் ஐந்தாவதாக ஓட்டக்குழுவின் வாட்ஸ்அப்பைச் சேர்த்துவிட்டு, மருத்துவரையும் கவனிப்பவரையும் நீக்கிவிடுகிறார். மருந்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். அந்தக் கதை பின்னால் வருகிறது. குழுவில் ஒருவர் "ரெஸ்ட் எடுங்க ஜி" என்பார். இன்னொருவர் "வேர்த்தா ஜுரம் இறங்கிடும் ப்ரோ" என்பார். கேட்டவர் எதை எடுத்துக்கொள்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

குழுவில் கொஞ்சம் படித்தவர் இருந்தால் கழுத்து விதியைச் சொல்வார். 1990-களில் அமெரிக்க மருத்துவர் ராண்டி ஐக்னர் பரப்பியது. தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும், அதாவது மூக்கு ஒழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு என்று இருந்தால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் சரியாக இருந்தால் தொடரலாம். கழுத்துக்குக் கீழே, அதாவது நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, இவற்றோடு காய்ச்சல் என்றால் படுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆதாரமும் உண்டு. 1998-இல் இண்டியானாவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னரும் சகாக்களும் 50 பேரின் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே விட்டு, 34 பேரை ஒருநாள் விட்டு ஒருநாள் மிதமாக உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். 16 பேரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். பத்து நாள் பார்த்ததில் சளியின் கடுமையிலோ நீளத்திலோ இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே வெறும் மூக்கொழுகலுக்காக ஓட்டத்தை ரத்து செய்ய வேண்டாம் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சளி பிடித்தவர் படூர் குடியிருப்புக்குள்ளேயே நாலு சுற்று மெல்ல ஓடிவிட்டு வந்தால் இந்தக் கட்டுரை அவரைத் தடுக்காது.

ஆனால் அந்த விதி நம் கைக்கு வந்ததும் என்ன ஆயிற்று? கழுத்து உடம்பில் ஓர் உறுப்பாக இருந்தவரை பிரச்சினை இல்லை. எல்லைக்கோடாக ஆனதும் தகராறு தொடங்கிவிட்டது. தொண்டை கழுத்துக்கு மேலா, உள்ளேயா? இருமல் நெஞ்சிலிருந்து புறப்பட்டாலும் வெளியே வருவது வாய் வழியாகத்தானே? தலைவலி மேலே, முதுகுவலி கீழே. இரண்டும் சேர்ந்தால் சராசரி எடுக்கலாமா? காவிரிக்கு ஒரு நடுவர் மன்றம் இருந்தது. கழுத்துக்கு இல்லாததால் வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாம் ஓட்டக்காரரே. தீர்ப்பு எப்போதும் ஓடலாம் என்றே வருகிறது.

இதைக்கூடச் சிரித்து விட்டுவிடலாம். விதியின் பெரிய ஓட்டை வேறு. அது இன்றைக்கு என்ன செய்கிறது என்று மட்டும் கேட்கிறது. நேற்று என்ன செய்தது என்று கேட்பதில்லை. சளிதேசத்துக்கு அது போதும். டெங்கு தேசத்துக்குப் போதாது. டெங்குவில் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை காய்ச்சல் அடிக்கும். பிறகு இறங்கும். உடம்பு லேசாகும், வாய்க்கு இட்லி பிடிக்கும், ஷூவைப் பார்த்தால் ஆசை வரும். மருத்துவர்கள் அபாயக் கட்டம் என்று குறித்துவைத்திருப்பது சரியாக அந்த நேரத்தைத்தான். காய்ச்சல் இறங்குவதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும், ரத்த அழுத்தம் சரிவதும், தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போவதும் நடக்கக்கூடும். பெரும்பாலோருக்கு அது தெரியாமலேயே கடந்து போய்விடும், சிலருக்குக் கடக்காது. அந்தக் காலையில் கழுத்து விதியைக் கேட்டால் மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை, போய்வா ராசா என்று கை அசைக்கும். நீர் கசிகிற உடம்பிலிருந்து மேற்கொண்டு வியர்வையாக நீரை வெளியேற்றிக்கொண்டு நம் ஆள் முட்டுக்காட்டுப் பாலத்தில் சூரிய உதயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

டெங்கு ஒன்றுதான் என்றில்லை. மழை விட்ட மறுநாள் ஓ.எம்.ஆரின் உள்தெருக்களில் தேங்கிய நீரில் சளப்சளப்பென்று ஓடுவது வீரமாகத் தெரியலாம். எலிச் சிறுநீர் கலந்த அந்த நீர், காலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சலுக்குக் கதவு. சிக்குன்குனியா 2006-இல் தமிழ்நாட்டில் பரவியபோது, காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை இந்த வட்டாரம் மறந்திருக்காது. இவற்றிலெல்லாம் காய்ச்சல் முதல் காட்சி மட்டுமே. போதாக்குறைக்கு நம் ஈரக்காற்று. ஓடுகிறவனின் சூட்டைத் தணிப்பது வியர்வை ஆவியாவதுதான். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் கேளம்பாக்கம் உப்பளங்களுக்கும் நடுவே விடிகாலைக் காற்று ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் சட்டையில் சொட்டும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடும். காய்ச்சல் ஒரு பக்கம், ஓட்டச் சூடு ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம் என்று மூன்று பேரும் ஒரே இதயத்திடம் வேலை வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் இருந்த பழைய ஏற்பாடு ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. காய்ச்சல் வந்து போன பிள்ளையை உடனே யாரும் எழுப்பி விடமாட்டார்கள். ஜுரம் விட்டது தெரிந்த பிறகும் மிளகு ரசமும் குழைந்த சோறுமாகப் பத்தியம் நடக்கும். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் தெருவும் விளையாட்டும். தலைக்குக் குளித்தால் ஜுரம் திரும்பும் என்று பாட்டி சொன்ன காரணத்தை மருத்துவம் ஏற்காது. ஏற்க வேண்டாம். ஆனால் பாட்டியின் கணக்கு ஜுரம் விட்ட நாளிலிருந்து தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். கழுத்து விதி கடையைச் சாத்துகிற இடத்தில் பாட்டி கடையைத் திறக்கிறார். அமெரிக்க மருத்துவர் சளியைப் பார்த்து விதி செய்தார், அவர் ஊருக்கு அது சரி. பாட்டி அம்மையையும் விஷக்காய்ச்சலையும் பார்த்து விதி செய்தார், நம் ஊருக்கு அது சரி. தலைக்குத் தண்ணீர் விட வீட்டில் அனுமதி கிடைக்காத ஒருவர், தலையிலிருந்து தண்ணீராய் வியர்வை ஊற்ற 30 கிலோமீட்டர் ஓட யாரிடம் அனுமதி வாங்கினார் என்று கேட்டால் பதில் கிடையாது.

பாட்டி காலத்தில் யார் மாரத்தான் ஓடினார்கள் என்று மடக்கலாம். சரி, ஓடியவர்கள் பக்கமே போவோம். 1979-க்கும் 1992-க்கும் இடையில் ஸ்வீடனில், வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டைச் சேர்ந்த 16 இளம் வயதினர் திடீரென்று இறந்துபோனார்கள். உடற்கூறாய்வில் பலருக்கு இதயத்தசை அழற்சி தெரிந்தது. கிருமி எது என்பதில் ஆய்வாளர்கள் பின்னாளிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் முன்னணி ஓட்டக்காரர்களின் பயிற்சியையும் போட்டியையும் சில மாதங்கள் நிறுத்திவைத்தார்கள். தொற்று இருக்கும்போது ஓடாதே என்று ஓங்கிச் சொன்னார்கள். அதன்பின் சில ஆண்டுகள் அந்தப் பட்டியலில் புதிய பெயர் சேரவில்லை. வைரஸ் காய்ச்சலில் கிருமி சில நேரம் இதயத்தசையிலும் குடியேறும். அப்போது ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அழற்சி உறுதியானவர்களை மூன்றிலிருந்து ஆறு மாதம் பந்தயப் பக்கமே வராதே என்று இதய மருத்துவர்கள் தள்ளிவைக்கிறார்கள். 13 ஆண்டில் 16 பேர் என்பது அபூர்வம்தானே? அபூர்வம்தான். நூறு பேர் காய்ச்சலோடு ஓடினால் தொண்ணூற்றொன்பது பேருக்கோ, நூறு பேருக்குமோ ஒன்றும் ஆகாமல் போகலாம். அதனால்தான் இந்தப் பழக்கம் செத்துப்போகாமல் இருக்கிறது. தப்பித்தவர் ஒவ்வொருவரும் குழுவில் வந்து சாட்சி சொல்கிறார். மாட்டிக்கொண்டவர் குழுவை விட்டே போய்விடுகிறார்.

இனி மாத்திரை. பந்தயத்தன்று காலை காய்ச்சல் இல்லை என்று சொல்வதற்கு மிக எளிய வழி, அதிகாலை மூன்றரைக்கு ஒரு பாராசிட்டமால் 650 போட்டுக்கொள்வது. தெர்மாமீட்டரை ஏமாற்றலாம், கிருமியை ஏமாற்ற முடியாது என்பதால் இது மருத்துவமாகாது, ஜோடனை. வலிநிவாரணி போட்டு ஓடுவது இன்னும் மோசம். 2010-இல் ஜெர்மனியின் பான் மாரத்தானில் ஓடிய 3,913 பேரிடம் கேட்டதில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டத்துக்கு முன்பே வலிமாத்திரை விழுங்கியிருந்தார்கள். வயிற்றுப் பிடிப்பு, ரத்தம் போவது போன்ற தொந்தரவுகள் விழுங்காதவர்களைவிட அவர்களுக்குப் பல மடங்கு அதிகம். மருத்துவமனையில் சேர்ந்த ஒன்பது பேரும் விழுங்கியவர்கள் பக்கம். சிறுநீரகம் தற்காலிகமாக நின்றுபோனவர்களும் அதில் உண்டு. இது நோயில்லாதவர்களின் கதை. டெங்கு சந்தேகம் இருக்கும் ஊரில் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைத் தூண்டும் என்று மருத்துவர்கள் தொடவே விடுவதில்லை. அன்றைய உலகச் சாதனைக்காரி பாலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 36-ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். காலில் பட்ட காயத்துக்காக எடுத்த அழற்சி மருந்து வயிற்றைக் கெடுத்துவிட்டது என்பது அவர் தரப்பு விளக்கம். அவருக்கே அந்தக் கதி. ஆனால் அங்கேயே நிறுத்திக்கொண்டதால்தான் அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"கிப் கெய்னோ ஓடவில்லையா?" என்று இப்போது ஒருவர் எழுந்திருப்பார். எதிர்பார்த்ததுதான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக். கென்யாவின் கெய்னோவுக்குப் பித்தப்பையில் கோளாறு. 10,000 மீட்டரில் கடைசிச் சுற்றுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு உள்ளே விழுந்தார். மருத்துவர்கள் போதும் என்றார்கள். அவர் 5,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு 1,500 மீட்டரில் அமெரிக்காவின் ஜிம் ரயனைச் சுமார் 20 மீட்டர் பின்னால் விட்டுத் தங்கம் வாங்கினார். போக்குவரத்து நெரிசலில் பேருந்து நின்றுவிட, அரங்கத்துக்கே ஓடித்தான் வந்தார் என்றும் சொல்வார்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் நன்றாகப் புரியும். எமில் ஜாடோபெக் 1950-இல் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் கிடந்துவிட்டு நேரே பிரஸ்ஸல்ஸ் போய் ஐரோப்பியப் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். எல்லாம் உண்மை. ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கெய்னோ நோயோடு ஓடிய முதல் ஓட்டத்தில் தரையில் விழுந்தார். நாம் அதை முன்னுரையாக்கிவிட்டுத் தங்கத்தை மட்டும் தலைப்பாக்கிவிட்டோம். அவருக்குப் பித்தப்பை, இவருக்குக் கெட்டுப்போன சாப்பாடு. படூர்க்காரருக்கு ரத்தத்தில் ஓடுகிற வைரஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் முன்னால் இருந்தவை ஒலிம்பிக் பதக்கமும் ஐரோப்பியப் பதக்கமும். நம்மவர் முன்னால் இருப்பது ஒரு வாழைப்பழம், ஒரு டி-ஷர்ட், கடைசிவரை ஓடிய எல்லோருக்கும் தருகிற ஒரு மெடல்.

நம் காலத்துக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பாரிஸில் 100 மீட்டரில் தங்கம் வாங்கிய நோவா லைல்ஸ், கொரோனா உறுதியான பிறகும் 8-ஆம் தேதி 200 மீட்டர் இறுதியில் ஓடினார். அதுதான் அவருடைய முதன்மைப் பந்தயம். கிடைத்தது வெண்கலம், போட்ஸ்வானாவின் டெபோகோ முந்திவிட்டார். லைல்ஸைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். வெறும் இருபது விநாடி வேலை அது. நாலரை மணி நேரம் ஓடுகிறவர் யோசித்துக்கொள்ளட்டும். இதற்கு மறுபக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ரியோ ஒலிம்பிக்கிலிருந்து 2016 ஆகஸ்டில் திரும்பிய ஸ்டீபிள்சேஸ் வீராங்கனை சுதா சிங், பன்றிக்காய்ச்சலோடு பெங்களூருவில் மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஜூலையில் புவனேஸ்வரில் ஆசியத் தங்கம். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி. படுக்கையில் கழிந்த நாட்கள் அவருடைய கால்களை ஒன்றும் செய்துவிடவில்லை.

அதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் காயிலும் சகாக்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் முற்றிலும் நிறுத்திய முதல் 21 நாளில் உடம்பின் உச்ச ஆக்ஸிஜன் திறன் குறைந்தது 7 சதவீதம். 56 நாளில் 16. மூன்று வாரம் கிடந்தாலே இவ்வளவுதான் என்றால், ஒரு வாரக் காய்ச்சலுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஓடினால் எதிர்ப்புச் சக்தி கூடுமே என்பவர்களுக்கு: மிதமாக ஓடினால் நல்லதுதான். மாரத்தான் மிதமானதில்லை. டேவிட் நீமன் 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானை ஒட்டி 2,311 பேரிடம் விசாரித்தபோது, ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரம் நோயில் விழுந்ததாகச் சொன்னார்கள். பதிவு செய்தும் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். இதற்கு எதிர்வாதமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை: பாத் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல், இவை வாய்ச்சொல் கணக்குகள், தொண்டை வறண்டதையும் ஜலதோஷம் என்று எழுதியிருப்பார்கள், கூட்டத்தில் நின்றதும் பயணமும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதே சரி என்றாலும், நான் சொல்ல வருவது இன்னும் வலுவாகிறது. நோய் தருவது கூட்டம் என்றால், அந்தக் கூட்டத்துக்குள் இருமிக்கொண்டு போய் நிற்கிறவர் யார்? தொடக்கக் கோட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு வாங்குகிற இடத்துக்கு, அலுவலகம் வேண்டாம் என்று வீட்டிலேயே நிறுத்திவைத்த கிருமியைக் கூட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்? உன் உடம்பு உன் உரிமை என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், பக்கத்தில் நிற்பவரும் 16 வாரம் ஓடிவிட்டு வந்தவர்.

ஆகவே படூருக்கு ஒரு விதி எழுதலாம். சளி மட்டும் என்றால் மெதுவாக, தனியாக. காய்ச்சல் என்று ஒருமுறை தெர்மாமீட்டர் சொல்லிவிட்டால் கழுத்தைக் கேட்க வேண்டாம், நாள்காட்டியைக் கேட்க வேண்டும்: மாத்திரை போடாமல் காய்ச்சல் முழுதாக விட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, குறைந்தது ஒரு வாரம் ஓட்டம் கிடையாது. டெங்கு என்றால் தட்டணுவும் பசியும் தூக்கமும் திரும்பி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிடையாது. காலையில் எழும்போது நாடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் மேலும் இரண்டு நாள். நெஞ்சு வலியோ படபடப்போ மூச்சு முட்டலோ இருந்தால் கேளம்பாக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது, இந்த ஒரு முறை அங்கே வண்டியில் போகலாம். முடிவை ஓட்டக்காரர் எடுக்கக் கூடாது. வீட்டில் பத்தியச் சோறு வடிக்கிறவர் எடுக்க வேண்டும். செப்டம்பரில் திட்டம் போடும்போதே முதல் வாரக் கட்டத்தில் ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்பது என்றும், நடுவில் இரண்டு வாரத்தைக் காய்ச்சலுக்கு என்றும் எழுதிவைத்துவிட்டால் எக்செல்லும் கோபித்துக்கொள்ளாது. வராவிட்டால் லாபம்.

மிச்சம் இருப்பது கட்டிய பணம். சிரிப்பாகத் தோன்றினாலும் பந்தயத்தன்று காய்ச்சல்காரரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது பெரும்பாலும் அதுதான். நுழைவுக் கட்டணம் திரும்பாது, எண் அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், ஓடாவிட்டால் வீண் என்ற எண்ணம் காய்ச்சலைவிட வேகமாக ஏறுகிறது. லண்டன் மாரத்தானில் குலுக்கலில் இடம் பெற்றவர் ஓட முடியாவிட்டால் முன்கூட்டியே விலகிக்கொண்டு இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழி வைத்திருக்கிறார்கள். கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஜனவரிப் பந்தயம் என்றால் அது காய்ச்சல் பருவத்தின் வாலில் நடக்கிற பந்தயம் என்று உங்களுக்கும் தெரியும். மருத்துவர் சீட்டு கொண்டுவருகிறவருக்கு இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுங்கள். டி-ஷர்ட்டைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள்.